கொம்மாவின்ர பெருமையும் உன்ர ரோசமும்

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை இரவு.

என்ர குஞ்சுக்கு,

நான் சுகம். முழங்கால்தான் சொல்வழி கேட்குதில்லை. லிப்ட் திரும்பவும் பழுது. படியிறங்கிக் காலி வீதிக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு மேல வாறதுக்குள்ள அரைவாசிச் சீவன் போகுது. கொம்மாவும் சுகம். நீ கேட்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். சீனி கொஞ்சம் கூடியிருக்கு, குளிசை போடுறா, பேச்சு மட்டும் குறையேல்லை.

ஏன் பெரியம்மா வட்ஸ்அப்பில எழுதாமல் காகிதத்தில எழுதுறா எண்டு யோசிப்பாய். என்ர போனுக்குச் சார்ஜ் போட்டுத் தாறதே கொம்மாதான். போட்டுத் தரேக்க எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டுத்தான் தருவா. நீ எனக்கு அனுப்பின வொய்ஸ் மெசேஜை நான் கேட்க முதலே அவ கேட்டிட்டா. கேட்டுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க, "மெல்பேணில இப்ப குளிரோ?" எண்டு மட்டும் கேட்டா. ஆருக்காகக் கேட்கிறா எண்டு நானும் கேட்கேல்லை.

நீ என்னட்டைக் கேட்டது ஒரு கேள்விதான். "பெருமை எண்டா என்ன பெரியம்மா? அம்மா ஏன் அந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டே திரியிறா?" எண்டு. கோவத்தில கேட்டனி, குரல்லயே தெரிஞ்சது. ஆனாலும் முப்பது வருசத்துக்கு மேல தமிழ் படிப்பிச்ச மனிசியிட்ட ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் சும்மா இருப்பனோ?

எங்கட ஊர்ப் பேச்சில இந்தச் சாமானுக்கு எத்தினை பேர் எண்டு எண்ணிப் பார். கெப்பர், நடப்பு, எடுப்பு, தடிப்பு, பவுசு. இப்ப வெள்ளவத்தைப் பெடியள் "லெவல்" எண்டு சொல்லுறாங்கள். இதெல்லாம் மற்றாக்களிட்ட இருந்தால் நாங்கள் வைக்கிற பேர். அதே சாமான் எங்கட வீட்டுக்குள்ள இருந்தால் "பெருமை". பக்கத்து வீட்டுக்காரி மகளின்ர பட்டத்தைப் பேரோட சேர்த்துப் பலகையில போட்டால் நடப்பு. நாங்கள் போட்டால் குடும்பப் பெருமை. சின்னப்பிள்ளையளுக்கு மட்டும்தான் நல்ல சொல் ஒண்டு வைச்சிருக்கிறம். தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒழுங்கையெல்லாம் ஓடித் திரிஞ்ச உன்னைப் பார்த்து, "பிள்ளைக்குப் புளுகம்" எண்டு கொப்பர் சொல்லுவார், நினைவிருக்கோ? அந்தப் புளுகத்தில ஆரையும் கீழ தள்ளுற எண்ணம் இருந்ததோ? சட்டை நல்லாயிருக்கு, அவ்வளவுதான்.

தொல்காப்பியத்தில பெருமிதம் எட்டு மெய்ப்பாட்டில ஒண்டு. அது எதால வரும் எண்டு நாலு காரணம் சொல்லிக்கிடக்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. நாலும் ஒரு மனிசன் தானே செய்து தேடவேண்டியது. பேரன் தேடி வைச்சதைப் பேத்தி எடுத்துச் செலவழிக்கலாம் எண்டு அதில எங்கயும் இல்லை. எங்கட குடும்பத்தில நாங்கள் பெருமை எண்டு சொல்லுறது முக்கால்வாசியும் மற்றாக்கள் செய்ததுதான்.

உன்ர தாத்தாவைப் பார். அவர் செத்தாலும் அந்த உயரம் பாய்தல் கதை எங்கட வீட்டில சாகேல்லை. 1958 மே மாதம் ரோக்கியோவில ஆசிய விளையாட்டுப் போட்டி. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில தங்கம் எடுக்கிறார். ஆசிய விளையாட்டில இலங்கைக்குக் கிடைச்ச முதல் தங்கம் அது. அப்பா இதைச் சொல்லேக்க கதிரையை விட்டு எழும்பிடுவார். "எங்கட யாழ்ப்பாணம் சென்ட்ரல் பெடியன்!" எண்டு, ஏதோ தானே ஓடிப்போய்ப் பாய்ஞ்ச மாதிரி. அந்தக் கதையின்ர மற்றப் பாதியை அவர் எப்பவும் பிந்தித்தான் சொல்லுவார், குரலும் இறங்கிடும். அந்தப் பெடியன் இலங்கைக் கொடிக்காகப் பாய்ஞ்ச அதே நாட்களில இஞ்ச கொழும்பில தமிழாக்களைத் தேடித் தேடி அடிச்சுக்கொண்டிருந்தாங்கள். அப்பா அப்ப ஒரு கந்தோரில கிளாக்கர். கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்கவேணும் எண்டு வந்த மனிசன் ஒரு சிங்கள நண்பரின்ர வீட்டுக் குசினிக்குள்ள ஒளிச்சிருந்து றேடியோவில தங்கச் செய்தியைக் கேட்டவராம். எனக்கு இந்த இடத்தில அப்பாவில கோவம் வாறேல்லை. அண்டைக்கு அந்த மனிசனுக்கு நிமிந்து நிக்க அதைவிட வேற என்ன இருந்தது? இரவல் பெருமை எண்டாலும் சில நேரம் உயிரைப் பிடிச்சு வைக்கும்.

ஆனால் முரளிக் கதையில எனக்கு ஆரையும் மன்னிக்க ஏலாது, கொம்மாவையும் சேர்த்துத்தான். 2010 ஜூலை 22, காலியில எண்ணூறாவது விக்கெட். நீ அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை. இந்த பிளட்ஸ் முழுக்கக் கத்தினது உனக்கு நினைவிருக்கும். கொம்மா அடுப்பில கேசரியை விட்டுட்டு ஓடிவந்து டீவிக்கு முன்னால நிண்டு, "எங்கட முரளி, எங்கட முரளி" எண்டு கைதட்டினா. கேசரி அடிப்பிடிச்சதுதான் மிச்சம். முரளியின்ர பேரனார் தமிழ்நாட்டிலயிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். 1977 கலவரத்தில கண்டியில அவையின்ர பிஸ்கட் தொழிற்சாலையை எரிச்சாங்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை உலகத்தில ஆரும் எடுக்காத விக்கெட்டை எடுத்தால் "எங்கட". பிறகு 2020இல் அவரைப் பற்றின சினிமாப் படத்தால பிரச்சினை வந்து, விஜய் சேதுபதி அதில நடிக்காமல் விலகினவுடன, இதே பிளட்ஸில இதே ஆக்கள் என்ன சொன்னவை தெரியுமோ? "அந்தாள் மலையகத்தான்தானே, எங்கட ஆள் இல்லையே." அரசியல்ல அவர் சொன்னது சரியோ பிழையோ, அது வேற கதை. எனக்கும் அவர் கதைச்ச சிலது பிடிக்கேல்லை. ஆனால் "எங்கட" எண்ட சொல்லை இப்பிடிக் குடுத்துப் பறிக்கிறது அசிங்கமான வேலை.

இப்ப உன்ர விசயத்துக்கு வாறன். மெல்பேணில நீ ஒரு பெடியனைக் கண்டுபிடிச்சிருக்கிறாய். படிச்ச பெடியன், நல்ல வேலை, குடிவெறி இல்லை. தாய்தகப்பன் கொட்டாஞ்சேனை, அதுக்கு முதல் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். கொம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்?" இரண்டாவது, "எந்தக் குறிச்சி?" மூண்டாவது, "ஆற்றை பிள்ளை?" மூண்டுக்கும் அவவுக்கு விளங்கக்கூடிய மறுமொழி உன்னட்டை இல்லை. உடன, "எங்கட குடும்பப் பெருமை என்னாகிறது?" எண்டு தொடங்கினா. நீ போனை வைச்சாய். அதுக்குப் பிறகு தாய்க்கும் மகளுக்கும் கதையில்லை.

நான் என்ன செய்தனான் தெரியுமோ? போன கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வந்தனான்.

புறக்கோட்டை வரைக்கும் பஸ், அங்கயிருந்து ஆட்டோ. நேர அவையின்ர வீட்டுக்குப் போகப் பயமாத்தான் இருந்தது, அதால முதல்ல கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குள்ள போய் இருந்தனான். அந்தக் கருங்கல்த் தூணுகளுக்கு நடுவில இருந்தால் வெளியில கொழும்பு கிடக்கிறதே மறந்துபோகும். பொன்னம்பல முதலியார் கட்டின கோயிலை மகன் சேர் பொன் இராமநாதன் 1907இல தொடங்கி 1912இல முழுக்கக் கருங்கல்லில திருப்பிக் கட்டி முடிச்சவர். எங்கட வீட்டு முன் விறாந்தையில இராமநாதனின்ர படம் தொங்கினது உனக்குத் தெரியும். 1915இல சிங்கள முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிங்களத் தலைவர்மாரை வெள்ளைக்காரன் பிடிச்சு அடைச்சதும், இராமநாதன் சண்டைக் காலத்தில கப்பலேறி லண்டனுக்குப் போய் அவைக்காக வாதாடினதும், திரும்பி வந்தவரைச் சிங்கள ஆக்கள் குதிரையை அவிட்டுப்போட்டுத் தாங்களே வண்டியில இழுத்துக்கொண்டு போனதும் அப்பா சொல்லி நாங்கள் பாடமாக்கின கதை.

அப்பா சொல்லாத கதையும் இருக்கு. அதே இராமநாதன்தான் எல்லாருக்கும் வாக்குக் குடுக்கிறதை எதிர்த்து நிண்டவர். கூலிக்கும் பொம்பிளைக்கும் வாக்கு என்னத்துக்கு எண்ட காலம். அவற்றை தம்பி அருணாசலம் வேற மாதிரி. அவர் 1919இல தொழிலாளருக்காகச் சங்கம் வைச்சு, தோட்டத்துச் சனத்தைக் கடனில கட்டி வைச்சிருந்த துண்டு முறைக்கு எதிராகப் பாடுபட்டவர். கங்காணியிட்டப் பட்ட கடனைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்கு அசைய ஏலாது, ஆளைக் கடனோட சேர்த்து ஒரு துண்டுக் காகிதத்தில கைமாத்துவாங்கள். 1921இல அதை ஒழிச்சாச்சு. தமையனுக்கு எங்கட வீட்டில படம், தம்பிக்கு ஒரு ஆணி கூட அடிக்கேல்லை. அண்டைக்குத் தூணோட சாஞ்சு இருக்கேக்கதான் இது எனக்கு உறைச்சது. இராமநாதன் கட்டின கோயில் இல்லாமல் கொழும்பில எனக்கு நிம்மதியா இருக்க வேற இடமில்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

பிறகு ஜம்பட்டா வீதிப் பக்கம் அவையின்ர வீட்டுக்குப் போனன். சின்ன வீடு, மாடிப்படி நெருக்கம். உன்ர ஆளின்ர தாய் என்னைக் கண்டவுடன கையைத் துடைச்சுக்கொண்டு ஓடிவந்து, "வாங்கம்மா, உக்காருங்க" எண்டா. முன்னறையில சென் பெனடிக்ட்ஸில மகன் எடுத்த கேடயங்கள் வரிசையா அடுக்கிக்கிடக்கு. ஒவ்வொண்டையும் எடுத்துத் துடைச்சுத் துடைச்சு, இது எதுக்கு, இது எந்த வருசம் எண்டு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்தது. கொம்மா உன்ர பரிசுப் புத்தகங்களைக் கண்ணாடி அலுமாரியில வைச்சுத் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு திரியிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அப்பம்மா ஒருத்தி இருக்கிறா. எண்பத்தைஞ்சு தாண்டியிருக்கும். காது மந்தம், கண் நல்ல கூர்மை. என்னை மேல கீழ பார்த்துப்போட்டு, முதல் கேள்வியே, "நீங்க எந்த ஊரு?"

எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு, குஞ்சு. எங்கட ஆக்கள் அந்தக் கேள்வியை எதுக்குக் கேட்கிறவை எண்டு எனக்குத் தெரியும். அவ அதுக்குத்தான் கேட்டாவோ, சும்மா ஊரைத்தான் கேட்டாவோ எண்டு இண்டைக்கும் எனக்குப் பிடிபடேல்லை. "யாழ்ப்பாணம், இணுவில்" எண்டன். "அங்கயும் தேயில இருக்கா?" எண்டா. இல்லை எண்டன். "அப்ப என்ன வேல செய்வீங்க?" எண்டா. புகையிலை, வெங்காயம், பிறகு உத்தியோகம் எண்டன். யோசிச்சுப்போட்டு, "நல்லதுதான்" எண்டா. ஏதோ எங்களைச் சம்பந்தத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம் எண்டு மட்டுமட்டா முடிவெடுத்த மாதிரி.

பேந்து அவவே அலுமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு பொலித்தீன் உறையை எடுப்பிச்சுக் காட்டினா. குடியுரிமைப் பத்திரம். மடிப்பெல்லாம் கிழிஞ்சு ஒட்டினது. 1948இல குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனம் நாடில்லாமல் போகேக்க அவ சின்னப்பிள்ளை. 1964இல சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு, மூண்டு லட்சம் பேருக்கு இஞ்ச எண்டு சனத்தைப் பங்கு பிரிச்சினம். அந்தப் பங்கில அவவின்ர அண்ணன்மார் இரண்டு பேர் தலைமன்னாரில கப்பலேறிப் போட்டினம். இவ போகேல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவ இந்த நாட்டுப் பிரசை. நான் பிறந்த அண்டைக்கே எனக்குக் கிடைச்சதை வாங்க அந்த மனிசிக்குக் கிழவியாக வேண்டியிருந்தது. செல்வநாயகம் இந்தச் சனத்தின்ர பிரச்சினையில நியாயம் கேட்டுத்தான் தமிழ்க் காங்கிரஸை விட்டு விலகி 1949இல தமிழரசுக் கட்சியைத் தொடங்கினவர். எங்கட அப்பா அந்தக் கட்சிக்கு உயிரைக் குடுக்க நிண்டவர், கூட்டத்துக்கெல்லாம் போனவர். கூட்டத்தில கைதட்டுறது ஒண்டு, வீட்டுக்குள்ள விடுறது இன்னொண்டு.

அவை ரொட்டியும் கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் தந்தவை. நல்ல ருசி. கனக்கக் கதைச்சம். ஆனால் நீ நினைக்கிற மாதிரி அவை வாசல்ல மாலையோட காத்துக்கொண்டு நிக்கேல்லை. வெளிக்கிடேக்க தாய் படி வரைக்கும் வந்து மெல்லமாச் சொன்னா: "எங்களுக்கும் ரோசம் இருக்கும்மா. மகன் ஆசைப்பட்டுட்டான், சரி. ஆனா பொண்ணு வீட்டு வாசல்ல நாங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்க வரமாட்டோம். அவங்க முறையா வந்து கேக்கட்டும்." எனக்கு அந்த மனிசியைப் பிடிச்சுப்போச்சு. முதுகெலும்புள்ள சம்பந்தி. கொம்மாவுக்கு ஏற்ற ஆள்.

வீட்டுக்கு வந்து நான் ஒளிக்கேல்லை. கொம்மாவிட்டச் சொன்னன், கொட்டாஞ்சேனைக்குப் போனனான் எண்டு. வீட்டைப் பற்றிக் கேட்கேல்லை, ஆக்களைப் பற்றிக் கேட்கேல்லை. "அங்க சாப்பிட்டனியோ?" எண்டுதான் கேட்டா.

ஓம் எண்டன். அதோட நான் நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டேல்லை. நீயும் சாப்பிட்டனி எண்டன்.

உனக்கு இதை ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். 1983 ஜூலை 25, திங்கக்கிழமை. ஹம்டன் ஒழுங்கையில நாங்கள் இருந்த வாடகை வீட்டை உடைச்சு எரிச்சவங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆக்கள் எங்களை ஒரு இரவு ஒளிச்சு வைச்சவை, அடுத்த நாள் லொறியில பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கு. கொம்மாவுக்கு அப்ப பதினேழு வயசு, எனக்கு இருபத்தேழு. அப்பா உடுத்த சாரத்தோட, கால்ல செருப்பில்லாமல். ஒவ்வொரு நாளும் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு வேலைக்குப் போன மனிசன். சோற்றுக்கு வரிசை. அப்பா வரிசைக்குப் போகமாட்டன் எண்டுட்டார். அம்மா கெஞ்சியும் போகேல்லை. வகுப்பறை மூலையில கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்களுக்குப் பக்கத்தில வெள்ளவத்தை மில்லில வேலை செய்த ஒரு குடும்பம், மலைநாட்டாக்கள். அந்த மனிசி இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவ. மூண்டாம் நாள் தங்கட சோற்றைப் பங்கு வைச்சு, ஒரு பொலித்தீன் தாளில போட்டுக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால வைச்சு, "சாப்பிடுங்க ஐயா, பெத்த புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்குல்ல" எண்டா. அதட்டித்தான் சொன்னா. அப்பா சாப்பிட்டார். கொம்மாவும் அந்தத் தாளிலயே கைவைச்சுச் சாப்பிட்டவ. பருப்பும் சோறும். அதுக்குள்ள ஒரு சொட்டுக் கருவாடு கிடந்தது, அப்பா சைவம், அதைத் தள்ளி வைக்கக்கூட இல்லை.

பேந்து லங்கா கல்யாணிக் கப்பலில காங்கேசன்துறைக்குப் போனம். ஊரில ஆர் கேட்டாலும், "கோயிலில அன்னதானம் தந்தவை" எண்டு அப்பா சொல்லுவார். அந்த மனிசியின்ர பேரை ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் தோணேல்லை.

இதைச் சொன்னவுடன கொம்மா எழும்பிக் குசினிக்குள்ள போய், காஸ் சிலிண்டர் முடியப்போகுது, நான் அடுப்பைக் கூட்டி விடுறதாலதான் எண்டு பேசத் தொடங்கினா. நல்ல பேச்சு. நான் வாய் திறக்கேல்லை. அடுத்த நாள் காலமை இடியப்பம் அவிக்கேக்க, திரும்பிப் பாராமல் கேட்டா: "அந்தக் கிழவி நடக்குதோ?"

அதுதான் இப்போதைக்கு நிலவரம். பெரிசா ஒண்டும் நடக்கேல்லை. ஆனால் எனக்குக் கொம்மாவைத் தெரியும்.

உன்னையும் தெரியும். அதால உனக்கும் கொஞ்சம் பேச்சு இருக்கு, கேள். ஸ்டேட்டஸில "ப்ரவுட் ஒஃப் ஹூ ஐ ஆம்" எண்டு போட்டிருக்கிறாய். ஆருக்கு அது? கொம்மா வாசிக்கவேணும் எண்டுதானே? தாயிட்ட நேர சொல்ல வேண்டியதை உலகம் முழுக்க ஒட்டி வைக்கிறதுக்கு என்ன பேர், சொல்லு? கொம்மா செய்யிறது வீம்பு எண்டால் நீ செய்யிறதும் அதுதான், ஆங்கிலத்தில. போனை வைச்சவள் நீ, முதல்ல எடுக்க வேண்டியவளும் நீ. "நான் ஏன் எடுக்கவேணும், பிழை அவவில" எண்டு சொல்லுவாய். பிழை அவவில எண்டுதான் நானும் சொல்லுறன். எண்டாலும் எடு.

கொம்மாவின்ர பயம் உனக்கு முழுக்க விளங்கேல்லை எண்டு நினைக்கிறன். கொப்பர் போன பிறகு உன்னைத் தனிய வளர்த்தவ. அப்ப எட்டிப் பாராத சொந்தமெல்லாம் இப்ப கனடாவிலயிருந்து போன் எடுத்து, "தகப்பனில்லாத பிள்ளையை வளர்த்த லட்சணம்" எண்டு சொல்லப்போகுது எண்டு அவவுக்குப் பயம். ஒரு சித்தப்பன் ஏற்கெனவே சொல்லியாச்சு, கலியாணக் காட்டில தன்ர பேர் போடக்கூடாதாம். நாளைக்குத் தன்ர மரண அறிவித்தலில ஆற்றை பேர் வரும், ஆற்றை பேர் வராது எண்டு வரைக்கும் கொம்மா யோசிச்சு வைச்சிருக்கிறா. சிரிக்காத. வீரகேசரியில காலமை முதல்ல அந்தப் பக்கத்தை வாசிக்கிற சனம் நாங்கள். அவ பெருமை பெருமை எண்டு கத்துறது முழுக்க இந்த வாயளுக்குப் பயந்துதான். அந்தப் பயத்தை நீ "பழைய காலத்து மூளை" எண்டு ஒரு சொல்லில தள்ளிவிட்டால் அவ இன்னும் இறுக்கிப் பிடிப்பா.

ஒரு ஆயுதம் தாறன், பக்குவமாப் பாவி. கொம்மா சின்ன வயசில இஞ்ச தமிழ்ச் சங்கத்தில திருக்குறள் மனனப் போட்டியில பரிசெடுத்தவ, இண்டைக்கும் அதைச் சொல்லாமல் விடமாட்டா. பிறப்பால எல்லா உயிரும் ஒண்டுதான் எண்டு வள்ளுவர் சொன்னது எந்த அதிகாரத்தில எண்டு அவவைக் கேள். மானத்துக்கு அடுத்த அதிகாரம். அதின்ர தலைப்பே "பெருமை". நான் சொல்லித் தந்தனான் எண்டு காட்டிக் குடுக்காத. சண்டை பிடிக்கிற குரலில கேட்காத, மறந்துபோய்க் கேட்கிற மாதிரிக் கேள். அவவுக்கு விடை சொல்லுறது எண்டால் கொள்ளை விருப்பம். சொல்லிப்போட்டுத்தான் என்ன சொன்னன் எண்டு யோசிப்பா.

அவனுக்கும் சொல்லு, தாய்க்கு அடிக்கடி போன் எடுக்கச் சொல்லி. அந்த மனிசி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துறாவாம். சைவக்காரி, எண்டாலும் அந்தோனியாரை விடமாட்டா. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே. நான் கொம்மாவை வாற பிரதோசத்துக்குச் சிவன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். முழங்கால் நோ, தனியப் போக ஏலாது எண்டு சொன்னால் வருவா. கும்பிட்டு முடிய, "இஞ்ச கிட்டத்தானே, ஒருக்கால் எட்டிப் பாத்திட்டுப் போவம்" எண்டு கேட்பன். கட்டாயம் ஏச்சு விழும். ஏசிக்கொண்டாவது வந்தால் போதும். வராட்டி அடுத்த பிரதோசம்.

முறையாப் போய்க் கேட்கவேணும் எண்டு அந்தப் பக்கம் சொன்னதை மட்டும் நான் கொம்மாவிட்ட இன்னும் சொல்லேல்லை. பொம்பிளை பகுதி போய்க் கேட்கிறது எங்கட வழக்கமும்தான், அதில அவவுக்குத் தடையிருக்காது. ஆனால் "அவை எங்களுக்குச் சட்டம் போடுறதோ" எண்டு துள்ளுவா. அதை எந்த நேரத்தில, எந்த விதத்தில சொல்லுறது எண்டு நான் பாத்துக்கொள்ளுறன். நீ இடையில புகுந்து குழப்பிப்போடாத. சீதனக் கதையும் எடுக்காத, அவை கேட்கேல்லை. கேட்காத இடத்தில கொம்மா தானாக் குடுக்க வெளிக்கிட்டு அதிலயும் ஒரு பெருமை தேடுவா. அதையும் நான் பாத்துக்கொள்ளுறன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கட நேரம் பின்னேரம் ஆறு மணிக்குப் போன் எடு. ஆறுக்கு முதல் எடுக்காத, அவ நித்திரை. ஆறரைக்குப் பிறகு நாடகம். எடுத்தவுடன பெடியனைப் பற்றிக் கதைக்காத. சீனி எவ்வளவு எண்டு கேள், குளிசை போட்டனீங்களோ எண்டு கேள், அடுத்த மாசம் கிளினிக் எப்ப எண்டு கேள். அழுதால் அழ விடு, நீயும் சேர்ந்து அழுது கதையைக் குழப்பாத. போனை என்னட்டைத் தருவா, நான் வாங்கமாட்டன்.

மற்றது, முழங்காலுக்குப் போடுற பட்டி ஒண்டு அங்க நல்லது இருக்காம், கீழ் வீட்டு ரீச்சரின்ர மகன் அனுப்பினவன். மீடியம் சைஸ். ஆரும் வந்தால் குடுத்து விடு. விலை கனக்க எண்டால் வேண்டாம்.

அன்புடன்,
பெரியம்மா.